நிரம்பி வழிந்த அஞ்சற்பெட்டி

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில் கனடாவிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். "மாமா, உங்களுக்கு மூன்று தரம் மின்னஞ்சல் அனுப்பினனான். மூன்று தரமும் திரும்பி வந்திட்டுது. உங்கட பெட்டி நிரம்பிப் போச்சுதாம்" என்றார். பல வாரங்களாக எனக்கு ஒரு கடிதமேனும் வராதிருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. ஓய்வு பெற்ற பத்திரிகைக்காரனை உலகம் மறந்துவிட்டது என்று எண்ணி, சற்று மனம் நொந்தும் இருந்தேன்!

அந்தப் பெண்ணின் தந்தையார் எங்கள் பத்திரிகையின் பிரதேச நிருபராக நீண்ட காலம் பணியாற்றியவர். சம்பூரைச் சேர்ந்தவர். என்னிலும் இளையவர் என்பதால் என்னை "அண்ணை" என்றே அழைப்பார். 2006ஆம் ஆண்டு அங்கிருந்து மக்கள் இடம்பெயர்ந்தபோது உடுத்த உடுப்புடன் குடும்பத்தோடு வெளியேறினார். 2013இல், கிளிவெட்டி முகாமில் இருந்த காலத்திலேயே நோயுற்றுக் காலமானார். சம்பூர்க் காணிகள் விடுவிக்கப்பட்டது 2015இல். அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. வெளிவந்த தமது செய்திகளை வெட்டி, அப்பியாசக் கொப்பிகளில் ஒட்டி வைத்திருந்தாராம். அவற்றில் ஒரு தாளேனும் மிஞ்சவில்லை. "அப்பா எழுதின ஏதாவது உங்களிட்டை இருக்குதோ மாமா? பிள்ளைகள் கேட்கினம்" என்பதுதான் அப்பெண் மூன்று தடவைகள் அனுப்பிய மின்னஞ்சலின் சாரம்.

இருக்கும் என்றுதான் சொன்னேன். எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

இந்த இடத்தில் எனது மின்னஞ்சல் வரலாற்றைச் சிறிது கூற வேண்டும். தொண்ணூறுகளின் இறுதியில் எனது முதலாவது முகவரியைப் பெற்றபோது அதன் கொள்ளளவு 2 மெகாபைட். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படம் அதற்குள் அடங்காது. வாரந்தோறும் பழைய கடிதங்களை அழித்தால்தான் புதியவை வந்து சேரும். பின்னர் சில மாதங்கள் அந்த முகவரிக்குள் நுழையாமல் இருந்துவிட்டேன். திரும்பிப் போனபோது பெட்டி துடைத்து வைத்தாற்போல் வெறுமையாக இருந்தது. உபயோகிக்காத கணக்குகளை வெறுமையாக்கிவிடுவது அவர்களுடைய விதியாம். அலுவலக முகவரியின் கதை வேறு. நான் பதவியிலிருந்து விலகிய வாரமே அது மூடப்பட்டது. பதினொரு ஆண்டுக் கடிதங்கள் அதனோடு போயின. அலுவலக மேசை லாச்சியைப் போலத்தான் அலுவலக மின்னஞ்சலும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் யோசிக்கவில்லை.

ஜிமெயில் 2004ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாந் திகதி அறிமுகமானபோது 1 கிகாபைட் இடம் தருவதாகச் சொன்னார்கள். முட்டாள்கள் தினப் பகிடி என்றே பலரும் நினைத்தனர். அப்போது ஒருவர் அழைத்தால்தான் மற்றவர் சேரலாம். இலண்டனில் இருந்த நண்பர் ஒருவர் அவ்வாண்டின் பிற்பகுதியில் எனக்கு அழைப்பு அனுப்பினார். இனி எதையும் அழிக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் அன்று மனதில் பதிந்தது. அதன் விளைவைத்தான் இப்போது அனுபவிக்கிறேன். இன்று இலவசமாகக் கிடைப்பது 15 கிகாபைட். அதைக் கடிதங்களும், சேமித்த கோப்புகளும், பேரப்பிள்ளைகளின் படங்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

முதலில் பிரதி எடு, பிறகு கூட்டு. இதை நான் தலைகீழாகச் செய்யவிருந்தேன். மருமகன்தான் தடுத்தார். கூகிள் டேக்கவுட் என்றொரு வசதி 2011 முதல் இருக்கிறது. அங்கே கேட்டால் கடிதங்கள் யாவற்றையும் ஒன்றாகக் கட்டித் தருவார்கள். கட்டி முடிந்ததும் ஓர் இணைப்பு வரும். ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் இறக்கிக்கொள்ள வேண்டும். எனக்கு அது பல துண்டுகளாக வந்தது. எங்கள் வீட்டு இணைய வேகத்தில் இரண்டு இரவுகள் ஆயின. உள்ளே இருப்பது எம்பொக்ஸ் என்ற வகைக் கோப்பு. பெயர் பெரிதாக இருந்தாலும், கடிதங்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிச் செல்லும் சாதாரண எழுத்துக் கோப்புத்தான் அது. தண்டர்பேர்ட் போன்ற இலவச மென்பொருளில் அதை வாசிக்கலாம். நாளை எந்த நிறுவனம் மூடினாலும் அதைத் திறக்க ஒரு வழி இருக்கும் என்றார் மருமகன்.

அதற்கு முன்பே நான் ஒரு கெட்டித்தனம் செய்திருந்தேன். தண்டர்பேர்டை எனது கணினியில் நிறுவி, பெட்டியோடு இணைத்துவிட்டு, "எல்லாம் கணினிக்குள் வந்துவிட்டன, இனிப் பயமில்லை" என்று இருந்தேன். பின்னர் அங்கே ஒரு கோப்புறை முழுவதையும் அழித்தேன். அங்கே அழிந்தது இங்கேயும் மறைந்தது! ஐமாப் என்னும் அந்த முறையில் கணினியில் தெரிவது பெட்டியின் நிழல் மட்டுமே. நிழலின் கையை வெட்டினால் ஆளின் கையும் போய்விடும். குப்பைத்தொட்டியில் 30 நாட்கள் கிடக்கும் என்பதால் மீட்டெடுத்தேன். அந்த ஒரு மணித்தியாலத்தில் எனது இரத்த அழுத்தம் என்னவாக இருந்தது என்பதை மனைவியிடம் சொல்லவில்லை.

பிரதியை இரண்டு வன்தட்டுகளில் பதிந்து, ஒன்றை மகள் வீட்டுக்கு அனுப்பிய பிறகே துப்புரவு தொடங்கியது. தேடும் கட்டத்தில் லார்ஜர் என்ற ஆங்கிலச் சொல்லை எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் 10எம் என்று தட்டினால் 10 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கடிதங்கள் மாத்திரம் வரிசையில் வந்து நிற்கும். பெரும்பாலானவை அரசியல் கட்சிகளின் ஊடக அறிக்கைகள். ஒரே அறிக்கையை மும்மொழிகளிலும், தலைவரின் படங்கள் சகிதம், மூன்று தடவைகள் அனுப்பும் செயலாளர்கள் இந்நாட்டில் எக்காலத்திலும் இருந்து வந்திருக்கிறார்கள். அவற்றை அழித்து, குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்கியதும் நாலு கிகாபைட் திரும்பக் கிடைத்தது. தொட்டியை வெறுமையாக்காவிட்டால் இடம் விடுபடாது. பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

இனி நிருபர் தம்பியின் கடிதங்கள். அவருக்கெனச் சொந்த முகவரி எதுவும் இருக்கவில்லை. மூதூருக்கு வந்து, கொட்டியாரக் குடாவைப் படகில் கடந்து, திருகோணமலை நகரில் ஒரு தொடர்பாடல் நிலையத்துக்குப் போவார். கையால் எழுதிய தாள்களை அங்கிருந்த பையன் தட்டச்சு செய்து, கடையின் முகவரியிலிருந்து அனுப்புவான். எல்லாவற்றுக்கும் தலைப்பு "செய்தி" என்ற ஒரே சொல். ஒரு பிரதி அலுவலகத்துக்கு, ஒரு பிரதி எனக்கு. பிரதேச நிருபர்களுக்கு அக்காலத்தில் பத்தி அங்குலக் கணக்கில்தான் கொடுப்பனவு. படகுக்கூலியும் கடைக்காசும் போக அவருக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று அன்று நான் கணக்குப் பார்த்ததில்லை.

தமிழில் தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. காரணம் பாமினி. யூனிகோட் பரவலாகுமுன் இலங்கையில் பெரும்பாலும் நாம் பாவித்த எழுத்துரு அது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. அம்மா என்று எழுதினால் உள்ளே பதிவது எம், கே, ஓர் அரைப்புள்ளி, மீண்டும் கே, பிறகு எச். எழுத்துரு இல்லாத கணினியில் அக்கடிதங்கள் பைத்தியக்காரனின் கிறுக்கல் போலத் தோன்றும். வேறொருவர் கையில் இந்தப் பெட்டி கிடைத்திருந்தால் எரிதம் என்று எண்ணி எல்லாவற்றையும் அழித்திருப்பார். அனுப்பிய கடையின் முகவரியைக் கொண்டு தேடினேன். நூற்று எழுபத்து மூன்று கடிதங்கள் வந்தன.

பாமினியை எனது கணினியில் நிறுவி, ஒன்றொன்றாக வாசித்தேன். ஆழிப்பேரலை வந்து நான்காம் நாள், 2004 டிசம்பர் 30இல் அனுப்பிய கடிதம் இருந்தது. அதில் கடலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இறந்தவர்களின் பெயர், வயது, தகப்பன் பெயர் மாத்திரம். கடைசியில், "அண்ணை, பெயர்களை வெட்டிப் போடாதேங்கோ" என்று எழுதியிருந்தார். இடம் போதாது என்று நாங்கள் எண்ணிக்கையை மட்டும் பிரசுரித்தோம். அந்தப் பக்கத்தை அமைத்தவன் நான்தான்.

எல்லாவற்றையும் மகளுக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வாசிக்க வாசிக்கக் கை தயங்கியது. செய்தியில் "பிரதேசவாசி ஒருவர்" என்று வந்தவரின் உண்மைப் பெயர் கடிதத்தில் இருந்தது. யார் சொன்னார், எந்த வீட்டில் வைத்துச் சொன்னார், யாருக்கு இது தெரியக்கூடாது என்பதெல்லாம் எனது நம்பிக்கைக்காக எழுதப்பட்டவை. பழைய நாட்களில் இப்படிப்பட்ட தாள்களைச் செய்தி அச்சேறியதும் கிழித்து எரித்துவிடுவோம். மின்னஞ்சல் வந்த பிறகு அந்தப் பழக்கம் எங்களை விட்டுப் போய்விட்டது. இடம் தாராளமாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அவர்களில் சிலர் இன்றும் அதே ஊரில் இருக்கிறார்கள். மகள் வீட்டுக்கு அனுப்பிய வன்தட்டை அடுத்த நாளே திருப்பி எடுத்து, இரண்டையும் கடவுச்சொல்லிட்டுப் பூட்டினேன். இதைத் தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டும். பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் இணையத்தளங்கள் உண்டு. அவற்றில் இக்கடிதங்களை ஒட்ட மனம் வரவில்லை. இருந்து நானே தட்டச்சு செய்தேன்.

மகளிடம் விடயத்தைச் சொன்னேன். "பெயருள்ளதுகள் வேண்டாம் மாமா. அப்பாவும் தரமாட்டார்" என்றார். அச்சில் வந்தவற்றையும், வீட்டு விடயம் எழுதியவற்றையும், ஆழிப்பேரலைப் பட்டியலையும் அனுப்புவது என்று முடிவாயிற்று. மற்றவற்றுள் பலதை அழித்தேன். சிலதை இன்னமும் வைத்திருக்கிறேன். அவற்றை என்ன செய்வது என்று தீர்மானிக்க முடியவில்லை.

கடைசி நாளன்று ஒரு கடிதம் தடித்த எழுத்தில் தெரிந்தது. வாசிக்கப்படாதது. 2006ஆம் ஆண்டு மே மாதம் வந்தது. நான் அப்போது வெளிநாடு ஒன்றில் கருத்தரங்கில் இருந்தேன். வழக்கம்போல் "செய்தி" என்று தலைப்பிட்டிருந்தாலும் அது செய்தியன்று. இடம்பெயர்ந்தவர்கள் பட்டிகளைத் திறந்துவிட்டு வந்ததையும், கறக்க ஆளில்லாத மாடுகள் மடி கனத்து இரவெல்லாம் கத்தியதையும், தயிருக்குப் பேர்போன ஊரில் பாற்சட்டிகள் கவிழ்ந்து கிடந்ததையும் எழுதியிருந்தார். "ஞாயிறு மலருக்குப் பொருந்துமோ தெரியாது. பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கோ அண்ணை" என்று முடித்திருந்தார். பிரசுரமாகாததைப் பற்றி அவர் பின்னர் ஒரு தடவையேனும் கேட்கவில்லை.

அதைத் தட்டச்சு செய்து முடித்ததும் பழைய பழக்கத்தில் அளந்து பார்த்தேன். பத்தொன்பது பத்தி அங்குலம் வரும். ஒரு சொல்லையும் வெட்டாமல் அன்றிரவே மகளுக்கு அனுப்பினேன். மறுநாள் காலை பதில் வந்திருந்தது. "மாமா, அந்தச் சிவப்பு மாடு எங்கட மாடு."