முன்னால் இருக்கும் துண்டு

2010 ஆம் ஆண்டு முள்ளியவளைக்கு நாங்கள் திரும்பி வந்தபோது என் வளவில் வீடு இருக்கவில்லை. மூன்று சுவர்கள் நின்றன. கிணற்றுக்குள் உடைந்த ஓடுகளும் ஒரு சைக்கிள் சட்டமும் கிடந்தன. தறப்பாள் கொட்டில் ஒன்றை அடித்து, அதன் நடுக்கம்பில் ஒரு யூரியாப் பையைத் தொங்கவிட்டேன். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் எங்களோடு வந்த பை அது. பின்னர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் மாதக்கணக்காக அதையே தலையணையாக வைத்துப் படுத்தேன். காணி உறுதிகள், பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், வங்கிப் புத்தகங்கள், என் தம்பியின் படம் என எங்கள் குடும்பத்தின் கடுதாசிகள் யாவும் அதற்குள் இருந்தன.

அந்தப் பையை இரண்டு வருடங்களாக நான் திறக்கவில்லை.

ஆசிரியத் தொழிலில் தலை நரைத்தவன் நான். விண்ணப்பம் எழுதவும் படிவம் நிரப்பவும் ஊரார் என்னிடமே வருவார்கள். முகாமிலுங்கூட ஒரு பெட்டியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு பிறருக்காக எத்தனையோ படிவங்களை நிரப்பிக் கொடுத்தேன். அப்போது கை நடுங்கவில்லை. என் சொந்தப் பையின் முடிச்சை அவிழ்க்க முற்படும்போதுதான் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், வாய் உலர்ந்துவிடும். ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று பாயில் சாய்ந்துவிடுவேன். சாய்ந்தால் உறக்கமும் வராது. உறுதிக்குப் பிரதி எடுக்க அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டைக்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும். எல்லாவற்றுக்கும் விதானையாரின் கடிதம் வேண்டும் என்று, ஒன்றின் வாலை ஒன்று கவ்விய பாம்புகளைப் போல அலுவல்கள் இரவு முழுவதும் தலைக்குள் சுற்றும். விடியும்போது ஒரு வேலையும் செய்யாமலே உடம்பு களைத்துப் போயிருக்கும்.

அந்தச் சுற்றின் நடுவில் என் தம்பி இருந்தான். 2009 மே மாதத்துக்குப் பின் அவனைப் பற்றிய தகவல் எதுவும் இல்லை. பையைத் திறந்தால் அவனுடைய படம் வெளியே வரும். ஏதோ ஒரு படிவத்தில் அவன் பெயருக்கு எதிரே ஒரு சொல் எழுத வேண்டி வரும். ‘இறந்தவர்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ‘உயிரோடு இருப்பவர்’ என்று எழுத ஆதாரம் இல்லை.

என் தயக்கத்தின் விலையை நான் மட்டும் கொடுத்திருந்தால் இதை எழுத முற்பட்டிருக்க மாட்டேன். 2012 இல் இந்திய உதவியுடனான வீட்டுத்திட்டத்தின் வேலைகள் வடக்கில் நடந்தன. வீடொன்றுக்கு 550,000 ரூபா. அத்திவாரம், சுவர், கூரை எனக் கட்டங்கட்டமாகப் பணம் வரும். தம்பியின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஒழுகும் கொட்டிலில் இருந்தார்கள். அவர்களுடைய காணியின் உறுதி என் பையில் இருந்தது. “அத்தான், அந்தப் பையை ஒருக்கால் பாருங்கோவன்” என்று மூன்று தடவை வந்து கேட்டாள். “இல்லாட்டில் என்னட்டைத் தாங்கோ” என்றும் கேட்டாள். ‘நீ குழப்பிவிடுவாய்’ என்று மறுத்தேன். கடுதாசிகள் கொடுக்க வேண்டிய நாள் கடந்தது. முதற் பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. குற்றம் என்னுடையது. அந்த மாரியில் பிள்ளைகள் நனைந்த இரவுகளுக்கு நானே பொறுப்பு.

‘மாஸ்டருக்கு இப்போது ஒன்றிலும் அக்கறையில்லை’ என்று ஊர் பேசியது. ஊரைவிடக் கடுமையாக நானே என்னைத் திட்டிக்கொண்டேன். திட்டத் திட்டப் பையின் பாரம் கூடியதேயன்றிக் குறையவில்லை. சோம்பேறி வேலையை மறந்து தூங்குவான். நானோ வேலையை ஒரு கணமும் மறக்காமல், அதைத் தொடவும் இயலாமல் கிடந்தேன். இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை நம் சமுதாயம் இன்னும் சரியாக அறிந்துகொள்ளவில்லை.

இது என் ஒருவனுடைய குறையா? போர் முடிந்த அதே 2009 இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வொன்றில், ஏறத்தாழ நூற்றுக்கு 22 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் 32 பேரிடம் பதற்றத்தின் அறிகுறிகளும் காணப்பட்டன. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், வன்னி மக்களைப் பற்றி 2010 இல் எழுதிய கட்டுரையில், இது தனித்தனி மனிதரின் நோய் மட்டுமன்று, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துத் தாக்கிய கூட்டு மனவடு என்று விளக்கினார். நம்மவர்கள் இதற்கு நோய்ப் பெயர் சொல்வதில்லை. ‘யோசினை கூடிப்போச்சு’ என்பார்கள். ஒரு பெருமூச்சு விடுவார்கள். அவ்வளவுதான்.

என் பைக்கு வழி காட்டியவள் அயல் வளவுப் பெண். போரில் கணவனை இழந்தவள். புதுக்குடியிருப்புப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போய் வந்தாள். ஒருநாள் மாலை தன் மகளின் பாடசாலைப் படிவமொன்றுக்காக வந்தவள், கம்பில் தொங்கிய பையைப் பார்த்து அது என்னவென்று கேட்டாள். ஏனோ அவளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் அறிவுரை எதுவும் கூறவில்லை. தன் வேலையைப் பற்றிக் கூறினாள்.

“மாஸ்டர், காலமை போனவுடனை நான் வெளி முழுவதையும் பாக்கிறேல்லை. பாத்தால் கை ஓடாது. எனக்கு முன்னாலை இருக்கிற துண்டு மட்டுந்தான். அது முடிஞ்சால் தடியைத் தள்ளி வைப்பன். பிறகு அடுத்த துண்டு.”

கண்ணிவெடி வயலை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். சிவப்பு நிறம் பூசிய தடிகள் வரிசையாக நிற்கும். முகக்கவசமும் பாரமான அங்கியும் அணிந்த பெண்கள் கொளுத்தும் வெயிலில் குந்தியிருந்து, ஒடுங்கிய பாதையொன்றில் மண்ணைச் சிறிது சிறிதாகக் கிளறிப் பார்ப்பார்கள். ஒரு நாளில் முடிவது சில அடி நிலமே. அவசரப்பட்டால் உயிர் போகும். பயந்து நின்றால் வேலை நகராது. இப்படியே வன்னியின் வயல்களும் வளவுகளும் பாடசாலை முற்றங்களும் திரும்பக் கிடைத்தன. இவ்வளவு பெரிய காரியத்தை அச்சமற்ற வீரர்கள் மட்டும் வந்து செய்யவில்லை. அச்சத்தோடும் துயரத்தோடும் வேலைக்குப் போன பெண்களும் செய்தார்கள்.

மறுநாள் மாலை அவள் வந்து கொட்டில் வாசலில் அமர்ந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். நான் பையைக் கம்பிலிருந்து இறக்கினேன். அன்றைய துண்டு அவ்வளவுதான். அதற்கு அடுத்த நாள் முடிச்சை அவிழ்த்தேன். மூன்றாம் நாள் கடுதாசிகளைப் பாயில் கொட்டி, காணி, பிறப்பு, வங்கி, தம்பி என்று நான்கு குவியலாக்கினேன். தம்பியின் குவியலை ஒரு துணியால் மூடினேன். “அது இப்ப வேண்டாம் மாஸ்டர், தடிக்கு அங்காலை கிடக்கட்டும்” என்றாள். நான்காம் நாள் ஒரேயோர் உறுதியை எடுத்துக்கொண்டு சைக்கிளில் தண்ணீரூற்றுச் சந்திக்குப் போய்ப் பிரதி எடுத்து வந்தேன். இரண்டு வருடம் அசையாத மலையிலிருந்து ஒரு கல் பெயர்ந்தது. சில நாட்களில் எதுவுமே செய்ய இயலவில்லை. அந்த நாட்களிலும் அவள் வந்து இலை உருவினாள். இதனோடு மருத்துவரிடமும் போனேன், மருந்தும் எடுத்தேன். அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அடுத்த பட்டியலில் தம்பியின் மனைவியின் பெயர் வந்தது.

பின்னர் வாசித்தபோது, அவளுடைய வழி உளமருத்துவ நூல்களிலும் இருப்பதைக் கண்டேன். அமெரிக்க மருத்துவர் ஆரொன் பெக்கும் அவருடைய துணைவர்களும் 1979 இல் வெளியிட்ட நூலில், மனச்சோர்வுற்றவருக்கு வேலையைப் படிபடியாகப் பிரித்துக் கொடுப்பது ஒரு சிகிச்சை முறையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. உற்சாகம் வந்த பிறகு வேலை செய்வோம் என்று காத்திருந்தால் உற்சாகம் வராது. சிறு வேலை ஒன்று முடிந்த பிறகே அது மெல்ல வரும் என்பது அதன் சாரம். சிம்பாப்வே நாட்டிலும் நம் ‘யோசினை’க்கு ஒத்த சொல் ஒன்று உண்டு, ‘குஃபுங்கிசிசா’, அதாவது அளவுக்கு மீறி யோசித்தல். அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் 2006 இல் ஊர்ப் பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, மருத்துவ நிலையங்களின் முற்றத்து மர வாங்குகளில் அமர வைத்தார். பாட்டி கேட்பாள், பல துன்பங்களுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கச் செய்வாள், அதற்கான முதற் படியைக் கண்டுபிடிக்க உதவுவாள். அம்முறை நல்ல பயன் தருவதை 2016 இல் வெளியான ஆய்வு உறுதிப்படுத்தியது. முருங்கையிலை உருவிய என் அயலவளை எண்ணிக்கொண்டேன்.

நமக்கு இது புதிதுமன்று. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலை எண்ணிப் பாருங்கள். முல்லைத்தீவுக் கடலில் எடுத்த நீரில் எங்கள் ஊர்க் காட்டு விநாயகர் கோயிலில் விளக்கெரியும் நாள் முதல், பொங்கல் முடிந்து கூட்டம் கலையும் வரை எத்தனை வேலைகள்! நீர் எடுப்பவர், காவல் இருப்பவர், பொங்குபவர், தண்ணீர்ப்பந்தல் போடுபவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு. முழுப் பாரத்தையும் ஒருவர் தலையில் எவரும் ஏற்றுவதில்லை. தெய்வத்தின் காரியத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கும் ஊர், துயருற்ற மனிதனின் காரியத்தில் மட்டும் ‘உன் அலுவலை நீதான் பார்க்க வேண்டும்’ என்று ஒதுங்கி நிற்பது ஏன்?

ஆயினும் ஒன்றை மறந்துவிடலாகாது. கண்ணியைப் புதைத்தவர் வேறு; குந்தியிருந்து கிளறுபவர் வேறு. எல்லாவற்றையும் இழந்து வந்த மக்களிடம், இழந்ததற்கு ஆதாரம் கொண்டு வா என்று கேட்கும் உலகம் அந்த மலையை எங்கள் முன் குவித்தது. காணாமற்போனவரை இறந்தவர் என்று பதிந்தால்தான் அலுவல் நடக்கும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. 2016 இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே, இறந்தார் என்று சொல்லாமல், காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் கூறும் சான்றிதழுக்கு வழி பிறந்தது. ஒரு படிவத்தில் ஒரு சொல்லை மாற்ற இத்தனை ஆண்டுகள்! துண்டு துண்டாகச் செய்யும்படி துன்பப்படுபவனுக்குச் சொல்வது நல்லது. வேண்டாத துண்டுகளைக் குறைக்கும்படி அதிகாரத்தைக் கேட்பதும் அவ்வளவு அவசியம்.

2017 இல், தம்பியின் குவியல்மீது கிடந்த துணியை எடுத்தேன். அந்த ஆண்டில்தான் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் முல்லைத்தீவில் வீதியோரம் அமர்ந்து தொடர் போராட்டம் தொடங்கினார்கள். நானும் போய் அவர்களோடு இருந்தேன். அங்கிருந்த தாய்மாரிடமும் இப்படியான பைகள் இருந்தன. ஒருவர் கடுதாசியை மற்றவர் வாசித்தார். ஒருவர் மறந்த திகதியை மற்றவர் நினைவூட்டினார். என் படிவத்தில் ‘கடைசியாகக் கண்ட இடம்’ என்ற கேள்வியில் பேனா நின்றது. பக்கத்தில் இருந்த தாயொருத்தி ஒன்றும் பேசாமல் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். எழுதினேன்.

தம்பி வரவில்லை, பதிலும் வரவில்லை. யூரியாப் பையில் இன்னும் சில கடுதாசிகள் கிடக்கின்றன. சில காலைகளில் நெஞ்சு இன்னும் படபடக்கிறது. ஆனால் பை இப்போது கம்பில் தொங்கவில்லை. மேசைமேல் திறந்தபடி இருக்கிறது. மாலையில் அயலில் உள்ளவர்கள் தங்கள் பைகளோடு வருகிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு கடுதாசிக்கு மேல் நாங்கள் தொடுவதில்லை. வாசகர்களே, உங்கள் ஒழுங்கையிலும் திறக்கப்படாத ஒரு பையோடு ஒருவர் இருப்பார். அவரைத் திட்டாதீர்கள். அவர் வாசலில் போய்ச் சற்று நேரம் அமருங்கள்.