கண்ணை மூடினால் தாம்பரம் தெரிகிறதா?

பீச் போகும் மின்சார ரயிலில் ஜன்னலோர சீட் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். (காலை எட்டரைக்கு நடக்காது, சும்மா வைத்துக்கொள்ளுங்கள்.) இப்போது கண்ணை மூடி, தாம்பரம் ஸ்டேஷனை நினையுங்கள். மேம்பாலப் படிக்கட்டு, மஞ்சள் போர்டு, பூக்காரம்மா... என்ன தெரிகிறது?

"எல்லாமே தெரியுது சார், பூக்காரம்மா புடவைக் கலர் வரைக்கும்" என்பவர் ஒரு ரகம். "மசமசன்னு ஏதோ..." என்பவர் இரண்டாம் ரகம். "கண்ணை மூடினா இருட்டுதானே சார் தெரியும்?" என்று நம்மையே ஒரு மாதிரி பார்ப்பவர் மூன்றாம் ரகம். மூன்று பேரும் சொல்வது நிஜம். முதலாமவருக்கு மனசு ஒரு சினிமா கொட்டகை. மூன்றாமவருக்கு அது லெட்ஜர். கணக்கு எல்லாம் இருக்கும், படம் இருக்காது.

வித்தியாசம் தெரிய வேண்டுமானால் கிழக்குத் தாம்பரத்தில் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். லெட்ஜர்காரர் சொல்வார்: "கேம்ப் ரோடு ஜங்ஷன்ல இறங்குங்க. மூணாவது லெஃப்ட், ரெண்டாவது ரைட், நாலாவது வீடு." முடிந்தது. சினிமாக்காரர் கண்ணை லேசாகச் செருகிக்கொள்வார்: "நேரா போனீங்கன்னா பெரிய தூங்குமூஞ்சி மரம் வரும். அதுக்கு எதிர்ல பச்சை கேட்டு..." அந்த மரம் 2016 டிசம்பர் வர்தா புயலிலேயே விழுந்துவிட்டது. அவர் மனசில் மட்டும் இன்னும் நிழல் தந்துகொண்டிருக்கிறது. நாம்தான் வெயிலில் அலைவோம்.

இதை முதலில் நோண்டியவர் பிரான்சிஸ் கால்ட்டன் என்ற இங்கிலாந்துக்காரர், டார்வினின் உறவினர். "இன்று காலை நீங்கள் சாப்பிட்ட மேஜையை நினையுங்கள். படம் தெளிவாக இருக்கிறதா, கலர் தெரிகிறதா?" என்று பலரிடம் கேட்டு, 1880-ல் முடிவை வெளியிட்டார். விஞ்ஞானிகள் பலர், 'மனக்கண்' என்பது பேச்சுக்குச் சொல்வது என்றே அதுவரை நினைத்திருந்தார்களாம்! இப்படிப் படமே வராததற்கு 2015-ல் 'அஃபான்டேசியா' என்று பெயர் சூட்டினார் நரம்பியல் நிபுணர் ஆடம் ஸீமன். நூற்றுக்கு ஒன்றிலிருந்து நாலு பேர் வரை இந்த ரகம் என்கிறார்கள். அப்படியானால் நெரிசல் நேரத்தில் ஒரு பெட்டிக்கு நாலைந்து பேராவது தேறுவார்கள்.

சும்மா அளக்கிறார்கள் என்று சந்தேகமா? பளிச்சென்ற வெளிச்சத்தை மனசில் நினைத்தாலே பலருக்குக் கண்ணின் பாவை சுருங்கும். படம் வராதவர்களுக்குச் சுருங்கவில்லை. 2022-ல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு இது. நடிக்கலாம், பாவையை நடிக்க வைக்க முடியாது.

நம் ஊரில் சினிமாக்காரர்களுக்கெல்லாம் சக்கரவர்த்தி, பெரியபுராணத்துப் பூசலார். திருநின்றவூர்க்காரர். கையில் காசில்லை, மனசுக்குள்ளேயே கல் கல்லாக அடுக்கிச் சிவனுக்குக் கோயில் கட்டி, கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்துவிட்டார். அதே நாளில் காஞ்சியில் நிஜக் கோயிலுக்கு நாள் வைத்திருந்த ராஜாவின் கனவில் சிவன் வந்து, "உன் விழாவைத் தள்ளி வை. அன்று நான் பூசலார் கோயிலுக்குப் போக வேண்டும்" என்றாராம். பட்டா இல்லை, அப்ரூவல் இல்லை, ஆனால் கடவுளே குடிவந்த கட்டடம்!

அந்தத் திறமையை இன்று நம்பியிருப்பவர்கள் மனை விற்பவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏற்றி கூடுவாஞ்சேரி தாண்டி ஒரு பொட்டலில் இறக்குவார்கள். "கற்பனை பண்ணிப் பாருங்க சார், இங்க பார்க், அங்க ஸ்விம்மிங் பூல்." சினிமாக்காரர் அங்கேயே குளித்துவிட்டு அட்வான்ஸும் கொடுத்துவிடுவார். லெட்ஜர்காரர், "மூலப்பத்திரம் எங்கே?" என்பார்.

சிரிப்பு இதோடு சரி. குரோம்பேட்டையில் எனக்கு ஒரு நண்பர், ஆடிட் ஆபீஸில் வேலை. அவருடைய அம்மா இறந்து மூன்று வருஷமாகிறது. காரியத்தன்று சித்தி அழுதுகொண்டே, "கண்ணை மூடினா அக்கா முகம்தான்டா நிக்குது. உனக்கு?" என்று கேட்டார். "எனக்கு எதுவும் வரலை சித்தி" என்று இவர் உள்ளதைச் சொல்லிவிட்டார். அன்று முதல் சொந்தக்காரர்கள் மத்தியில் அவர் கல் நெஞ்சுக்காரர்.

"முகம் வராதுப்பா. போட்டோவைப் பார்த்தாதான். ஆனா, நாலரைக்கு எழுந்து எனக்கு டிபன் கட்டினது, தயிர் சாதத்துல மாதுளை போட்டது, பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில அஞ்சு ரூபாய்க்கு அரை மணி பேரம் பேசினது, ஒண்ணு விடாம தெரியும்" என்றார் என்னிடம். குரல் கம்மியது. கல் நெஞ்சுக்கு அப்படிக் கம்முமா?

சித்தி பாடும் லேசில்லை. முடிச்சூரில் வீடு, 2015 டிசம்பர் வெள்ளத்தில் மாடிப்படி ஏறி வந்த தண்ணீர், வானம் இருட்டினாலே அவருக்குத் திரும்ப ஓடும். அந்தப் படத்தை நிறுத்த ஸ்விட்ச் கிடையாது. மழை வலுத்தால் அக்கா மகன்தான் போய், பத்திரங்களை பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டு வருகிறார், கல் நெஞ்சோடு!

2021-ல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு சித்திக்குத் தெரிய வேண்டிய செய்தி. அறைகளின் போட்டோவைக் காட்டி, பிறகு நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். படம் வராதவர்கள் வரைந்ததில் பொருள்கள் குறைவு, கலரும் குறைவு. ஆனால் வரைந்தவை சரியான இடத்தில் இருந்தன. இல்லாத பொருளைச் சேர்க்கும் தப்பும் அவர்களிடம்தான் குறைவு. ஞாபகம் இருக்கிறது, அது உட்கார்ந்திருக்கும் நாற்காலிதான் வேறு.

ஆகவே, இன்று ராத்திரி வீட்டிலோ மேன்ஷனிலோ பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள்: "கண்ணை மூடினா என்ன தெரியுது?" பதில் எதுவானாலும் முறைக்காதீர்கள். வழி கேட்பதென்றால் மட்டும் லெட்ஜர்காரரிடம் கேளுங்கள். பெண் பார்த்துவிட்டு வந்த கதை என்றால், கண்டிப்பாக சினிமாக்காரரிடம்.