காயில் மேல எழுதியிருக்கிறது 12 வோல்ட்

பழைய பெட்ரோல் அம்பாசிடர் இருக்கிற வீட்டுல இந்தக் கதை தெரிஞ்சிருக்கும். காலைல ஒரே சாவில ஸ்டார்ட் ஆகும். பழனி ரோட்டுல கொஞ்ச தூரம் போனதும் இருமி நின்னுடும். அரை மணி நேரம் ஆறவிட்டா மறுபடி ஓடும். எங்க பெரியப்பா வண்டிக்குப் புது காயில் போட்டதுல இருந்து இதே தொல்லை. "திண்டுக்கல் வெயில் அப்படி" என்றார்கள். பெட்ரோல் பம்ப் மாத்தியாச்சு, கார்பரேட்டர் கழுவியாச்சு. "வித்துடலாம்டா"ன்னு பெரியப்பாவே சொன்னப்போதான் மல்டிமீட்டரோட போனேன்.

இக்னிஷனை ஆஃப் பண்ணி, வயரைக் கழட்டி, காயிலோட ரெண்டு சின்ன முனையிலயும் வெச்சா 1.5 ஓம். விஷயம் புரிஞ்சுபோச்சு.

காயில் ரெண்டு வகை. ஒண்ணு சுமார் 3 ஓம். பேட்டரியை நேரடியாத் தாங்கும். இன்னொண்ணு சுமார் 1.5 ஓம், அதுக்கு முன்னாடி இன்னொரு 1.5 ஓம் ரெசிஸ்டர் வேணும். அதுதான் பாலஸ்ட். எப்படிப் போட்டாலும் மொத்தம் 3 ஓம், 12 வோல்ட்டுக்கு 4 ஆம்பியர்.

அப்புறம் பாலஸ்ட் எதுக்கு? ஸ்டார்ட்டர் சுத்தும்போது பேட்டரி 9, 10 வோல்ட்டுக்கு இறங்கிடும். அந்த சில நொடி மட்டும் பாலஸ்ட்டைச் சுத்திக்கிட்டு காயிலுக்கு நேரா கரண்ட் போக தனி வயர் இருக்கும். ஸ்பார்க் குறையாது.

பெரியப்பா வண்டியில பாலஸ்ட்டே கிடையாது. அப்போ 12-ஐ 1.5-ஆல வகுங்க: 8 ஆம்பியர். பாயிண்ட் கருகும், காயில் கொதிக்கும், சூட்டுல ஸ்பார்க் செத்துடும். தலைகீழா 3 ஓம் காயிலுக்கு பாலஸ்ட் போட்டா 2.7 ஆம்பியர்தான், சிறுமலை ஏத்தத்துல திணறும்.

ரெண்டு காயில் மேலயும் "12 வோல்ட்"னுதான் எழுதியிருக்கும். அம்பாசிடர் உற்பத்தி 2014-லேயே நின்னுபோச்சு. கடையில கிடைச்சதை மாட்டுறாங்க. சில வண்டியில பாலஸ்ட் வயருக்குள்ளயே ஒளிஞ்சிருக்கும். பாயிண்ட் மூடியிருக்கும்போது சாவியைப் போட்டு, காயிலோட பாசிட்டிவ் முனையை பாடியோட அளந்து பாருங்க. 12-க்குப் பக்கத்துல வந்தா பாலஸ்ட் இல்லை. பாதியா வந்தா இருக்கு. அளந்ததும் சாவியை எடுத்துடுங்க, காயில் சூடாகும்.

பாலஸ்ட் வாங்கினா வாட்டையும் பாருங்க. 4 ஆம்பியர்ல அது 24 வாட் சூடு கக்கும். நம்ம லேப் கால் வாட் ரெசிஸ்டர் புகைஞ்சே போயிடும்.

நாங்க 3 ஓம் காயிலே வாங்கி மாட்டினோம். வண்டி இப்போ ஒட்டன்சத்திரம் வரை நிக்காம போகுது. விக்கிற பேச்சு போயிடுச்சு. ஃபர்ஸ்ட் இயர்ல மார்க்குக்காகப் படிச்ச ஓம் விதிதான் ஒரு காரை வீட்டுல தங்க வெச்சிருக்கு.