மூக்கில் ஒரு வெள்ளைக் கோடு

பழைய பெட்டி ஒன்றைத் திறந்தபோது 'கிங்ஸ் ஆஃப் த வைல்ட் ஃப்ரன்டியர்' இசைத்தட்டு கிடைத்தது. 1981இல் லண்டனில் அடுத்த அறை நண்பன் விட்டுச் சென்றது. பாடியவர்கள் ஆடம் அண்ட் த ஆன்ட்ஸ். மூக்கின் குறுக்கே வெள்ளைக் கோடு, பழங்காலக் குதிரைப்படைச் சட்டை. "இதென்ன கூத்து வேஷம்!" என்று அப்போது சிரித்தேன்.

நேற்று முழுவதும் கேட்டேன். இரண்டு டிரம்மர்கள் சேர்ந்து இடிக்கும் அந்தப் புருண்டி தாளம் இன்னும் நெஞ்சில் அதிர்கிறது. அதன் பின்கதையை இப்போதுதான் படித்தேன். 1980 தொடக்கத்தில், ஆடம் நம்பி அமர்த்திய மேனேஜர் மால்கம் மெக்லாரனே அவருடைய குழுவினரைப் பிரித்துக்கொண்டு போய் வேறு குழு தொடங்கிவிட்டார். தனியாக நின்ற ஆடம், கிட்டார் கலைஞர் மார்க்கோ பிரோனியோடு புதுக்குழு சேர்த்து, அதே நவம்பரில் இந்த ஆல்பத்தைக் கொண்டுவந்தார். 1981இல் பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற ஆல்பம் இதுதான்.

அந்த 1981இல் எனக்கு வேலை போயிருந்தது. மூன்று மாதம் அறைக்குள்ளேயே கிடந்தேன். "வேலை நன்றாகப் போகிறது" என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். அவர் வேஷம் கட்டி வெளியே வந்தார். நான் வேஷம் கட்டி ஒளிந்துகொண்டேன். பாட்டை நிறுத்தச் சொல்லி நண்பனிடம் சண்டையும் போட்டேன்.

இன்று அவன் முகவரிகூட என்னிடம் இல்லை. நேற்று சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியே வைத்தேன்.