138/84

கருவி காட்டியது 172/98. கணக்கில் ஏறியது 138/84. அந்த எண்ணை உண்டாக்கியவன் நான்.

காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் நடுவில் ஒரு ஊர். ஊர்ப் பெயரையும் ஆய்வு நடத்திய அமைப்பின் பெயரையும் சொல்லப்போவதில்லை. தப்பு அவர்களுடையது அல்ல. வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தம், சர்க்கரை, இடுப்புச் சுற்றளவு எடுக்கும் ஆய்வு. நான் கள மேற்பார்வையாளன். அளவெடுக்கும் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தவனும் நானே.

ஆகவே, தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஸ்டெப்ஸ் முறை எனக்கு மனப்பாடம். ஆளைக் கால் மணி நேரம் சும்மா உட்கார வைக்க வேண்டும். மூன்று முறை எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் இடையில் மூன்று நிமிடம் விட வேண்டும். முதல் அளவைத் தள்ளிவிட்டுக் கடைசி இரண்டின் சராசரியைப் பார்க்க வேண்டும். இதைப் பயிற்சி வகுப்பில் சொல்லும்போது என் குரல் தானாக உயரும். 1964இல் லண்டனில் ஜெஃப்ரி ரோஸும் சகாக்களும் ஒரு கருவியை உருவாக்கினார்கள். எடுத்து முடிக்கும்வரை பாதரச மட்டம் அளவெடுப்பவர் கண்ணுக்குத் தெரியாது. கண் தனக்குப் பிடித்த எண்ணுக்குத் தாவிவிடும் என்பதால் அந்த ஏற்பாடு. இதை நான் ரசித்துச் சொல்வேன். டெல்லியில் ஜிஷ்ணு தாஸும் ஜெஃப்ரி ஹாமரும் செய்த ஆய்வையும் சொல்வேன். மருத்துவர்களுக்குத் தெரிந்தது எவ்வளவு, நோயாளி எதிரே வந்து உட்கார்ந்ததும் அவர்கள் செய்வது எவ்வளவு என்று அளந்து பார்த்தவர்கள் அவர்கள். தெரிந்ததில் பாதியைக்கூடச் செய்யாத டாக்டர்களை நினைத்து வகுப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன். எல்லோரும் என்னை விஷயம் தெரிந்தவன் என்று பார்ப்பது எனக்கு வேண்டியிருந்தது.

அன்றைக்கு ஒரு பெண் விடுப்பு. அவளுக்குப் பதில் நான் போனேன். படிவம் எழுத, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டேன். மதியம் தாண்டிவிட்டது. இன்னும் சில வீடுகள் பாக்கி. அந்த வாரக் கணக்கு மாலைக்குள் போக வேண்டும்.

பெரிய செட்டிநாட்டு வீடு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவரை போகிறது. உள்ளே ஆச்சி ஒருவரும் துணைக்கு இருக்கும் அம்மாளும் மட்டும். பிள்ளைகள் வெளியூரில். “வெயில்ல வந்திருக்கீக, மொதல்ல மோர் குடிங்க தம்பி” என்றார் ஆச்சி. குடித்தேன். அவரைக் கால் மணி நேரம் உட்கார வைக்கவில்லை. உடனே பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினேன்.

172/98.

“சார், கொஞ்சம் கழிச்சு இன்னொரு தடவை எடுப்பமா?” என்றாள் அந்தப் பெண். நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் கேட்டாள். எனக்கு எரிச்சல் வந்தது. சராசரி 140/90ஐத் தொட்டால் பரிந்துரைச் சீட்டு எழுத வேண்டும். இவ்வளவு அதிகம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அங்கிருந்தே போன் போட வேண்டும். ஒரு வாரம் கழித்துத் திரும்ப வந்து பார்க்க வேண்டும். முதல் அளவு பதற்றத்தில் ஏறித்தான் இருக்கும், அடுத்த இரண்டும் இறங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இறங்குகிறதா என்று பார்க்க மூன்று நிமிடம் போதும். பார்க்கவில்லை.

“எழுதிக்கம்மா” என்றேன். 148/90. 140/86. 136/82.

யோசித்துத்தான் சொன்னேன். 172ஐ அப்படியே விட்டால் அடுத்த எண் சந்தேகத்தைக் கிளப்பும். அதனால் முதல் அளவையும் குறைத்தேன். கடைசி இரண்டின் சராசரி 140க்குக் கீழே விழும்படி கூட்டிக் கழித்துச் சொன்னேன். இதைக் கவனக்குறைவு என்று யாரும் எனக்காகப் பேச வேண்டாம். அவள் எழுதினாள். கீழே கையெழுத்தும் அவளே போட்டாள்.

எழும்போது ஆச்சி கேட்டார்: “எப்படித் தம்பி இருக்கு? ரெண்டு மூணு நாளாத் தலைவலி. காரைக்குடிக்குப் போயி டாக்டரைப் பாக்கலாம்னு இருக்கேன்.”

“நல்லா இருக்கு ஆச்சி. வெயில்தான்.”

நான் செய்ததிலேயே மோசமானது அந்தப் பதில்தான். படிவத்தில் எழுதிய பொய் யாரோ தெரியாதவர்களுக்கு. இது மோர் கொடுத்தவருக்கு.

அது முதல் வீடும் அல்ல. அவசரம் வந்தபோதெல்லாம் மற்ற வீடுகளிலும் அவளுக்கு இரண்டாவது மூன்றாவது அளவுகளை வாயால் சொல்லியிருக்கிறேன்.

சில வாரங்களில் எங்கள் புள்ளியியல் ஆள் கண்டுபிடித்துவிட்டார். டிஜிட்டல் கருவியில் கடைசி இலக்கம் சைபர் முதல் ஒன்பது வரை ஏறக்குறைய சமமாக வர வேண்டும். அவள் எழுதிய படிவங்களில் ஒற்றைப்படை எண்ணே அபூர்வம். 140க்குச் சற்றுக் கீழே மட்டும் எண்கள் கும்பல் கும்பலாக இருந்தன. கற்பனையில் எண் சொல்பவன் இரட்டைப்படையில்தான் சொல்வான் போலும். கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

“அந்தப் பொண்ணு புதுசு சார்” என்றேன்.

பொய்யாகக்கூட இல்லை அந்த வாக்கியம். அவள் புதுசுதான். மீதியை அவர்களே ஊகித்துக்கொண்டார்கள். கையெழுத்து அவளுடையது. அவள் என்னைப் பார்த்தாள். நான் படிவக் கட்டைப் பார்த்தேன். அந்த மாதச் சம்பளத்தோடு அவளை நிறுத்திவிட்டார்கள். நர்சிங் படிப்புக்கு அவள் பணம் சேர்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது தெரியும்.

அவள் எழுதிய படிவங்களை மறுபடி சரிபார்க்கச் சொன்னார்கள். அந்தப் பொறுப்பையும் என்னிடமே கொடுத்தார்கள். ஆச்சி வீட்டுக்குப் போனேன். வளவை ஒட்டிய அறையில் கட்டிலில் கிடந்தார். வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு இல்லை. என்னைத் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை. துணைக்கு இருக்கும் அம்மாள் கோபமில்லாமல் சொன்னார்: “டாக்டர்ட்டப் போறதாத்தான் இருந்தாக. நீங்க நல்லா இருக்குன்னு சொன்னதும் வேணாம்னுட்டாக.”

மாத்திரை சாப்பிட்டிருந்தால் பக்கவாதம் வந்திருக்காது என்று ஒரு தனி ஆளைக் காட்டி யாரும் அடித்துச் சொல்ல முடியாது. இந்த இடைவெளிக்குள் வெகுநாள் ஒளிந்திருந்தேன். ஆனால் அழுத்தத்தைக் குறைத்தால் பக்கவாத ஆபத்து நன்றாகக் குறையும் என்பது நான் வகுப்பெடுத்த பாடம். அம்லோடிபின் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அவரை அங்கே அனுப்பும் சீட்டு என் பையில் இருந்தது.

மறுபரிசோதனைப் படிவத்தில் என்ன எழுதினேன் தெரியுமா? “உடல்நலக் குறைவு. அளவெடுக்க இயலவில்லை.”

தமிழ்நாட்டில் 2020இல் நடந்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பின்படி, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. 2023–24இல் மறுபடி கணக்கெடுத்தபோது அந்த ஏழு 17 ஆகியிருந்தது. இப்படிப்பட்ட எண்களை நம்பித்தான் எங்கே எத்தனை மாத்திரை, எத்தனை ஆள் என்று முடிவெடுக்கிறார்கள். எங்கள் ஆய்வு அவ்வளவு பெரியது அல்ல. ஆனாலும் எங்கள் அறிக்கையில் நோயில்லாதவர்கள் பக்கம் நான் தள்ளிவிட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யார் யார் என்று எனக்கே இப்போது நினைவில்லை. தேடிப்போய்ச் சொல்லவும் முடியாது.

ஆய்வுத் தலைவரிடம் பிறகு உண்மையைச் சொன்னேன். அந்த வேலையை விட்டு, எனக்கு நஷ்டமில்லை என்று ஆன பிறகுதான் சொன்னேன். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்ணுக்கும் போன் செய்தேன். இப்போது ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். முழுக்கக் கேட்டாள். அழவில்லை, திட்டவில்லை.

“அன்னைக்குக் கூட்டத்துல இருந்தாங்கள்ல, அவங்ககிட்டச் சொன்னீங்களா சார்?”

“இல்லம்மா.”

“அவங்ககிட்டச் சொல்லுங்க.”

அவர்களில் பலர் இன்னும் இதே துறையில் இருக்கிறார்கள். இதை அவர்களுக்கும் அனுப்புகிறேன்.