புகார் பொய்யானால் யார் பொறுப்பு?

2007 ஆகஸ்ட் கடைசியில் தில்லியில் ஒரு டிவி சானல், ரகசியக் கேமராவில் பதிவானதாகச் சில காட்சிகளை ஒளிபரப்பியது. அரசு பெண்கள் பள்ளியில் கணிதம் சொல்லித்தரும் ஆசிரியை ஒருவர், தன் மாணவிகளையே பாலியல் தொழிலில் தள்ளுகிறார் என்பது செய்தி. பள்ளி வாசலில் கூட்டம் திரண்டது. ஆசிரியையை அடித்து இழுத்தார்கள். அவருடைய உடை கிழிந்தது. போலீஸ் அவரைக் கைது செய்தது. வேலையும் போயிற்று.

சில நாட்களில் கதை மாறியது. காட்சியில் மாணவியாக வந்த பெண், மாணவியே அல்ல. எல்லாம் ஜோடனை. செய்தி சேகரித்த நிருபர் கைதானார். மத்திய அரசு அந்த சானலுக்கு ஒரு மாதம் ஒளிபரப்புத் தடை விதித்தது. தில்லி உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து விவகாரத்தை விசாரித்தது. ஆனால் தெருவில் நடந்ததை எந்த உத்தரவாலும் அழிக்க முடியாது.

அன்று திரண்டவர்கள் எல்லோரும் ரௌடிகள் அல்ல. அவர்களில் பெற்றோரும் இருந்தார்கள். திருட்டுக் குற்றச்சாட்டு என்றால் 'சாட்சி உண்டா?' என்று யாராவது கேட்பார்கள். குழந்தை சம்பந்தப்பட்ட புகாரில் அப்படிக் கேட்பதே குற்றவாளிக்கு வக்காலத்து வாங்குவதாகத் தெரியும். பொய் சொல்கிறவர்களுக்கு இது வசதியாகிவிடுகிறது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதே 2007 ஏப்ரலில் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்ததில் 53.22 சதவீதத்தினர் ஏதாவது ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு உள்ளானதாகச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பொய்ப் புகார் ஓர் ஆசிரியையின் வாழ்க்கையைக் குலைத்த அதே ஆண்டில், கணக்கற்ற உண்மைப் புகார்கள் வெளியே வராமலே அமுங்கிக் கிடந்தன. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காத சட்டம் நியாயமான சட்டமாக இருக்காது.

2012 நவம்பர் 14ஆம் தேதி, குழந்தைகள் தினத்தன்று, அமலுக்கு வந்த போக்சோ சட்டம் இரண்டையும் பார்க்க முயன்றது. 19ஆவது பிரிவின்படி, குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று அறிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் போலீஸுக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் மறைத்தால் 21ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் என்றால் ஓராண்டு வரை. வேண்டுமென்றே பொய் சொன்னால் 22ஆவது பிரிவு. ஒருவரை அவமானப்படுத்தவோ, மிரட்டவோ, பணம் பறிக்கவோ, பெயரைக் கெடுக்கவோ மட்டுமே கடுமையான குற்றத்தைச் சுமத்திப் பொய்ப் புகார் கொடுத்தால் ஆறு மாதம் வரை சிறை. பொய் சொன்னது குழந்தையாக இருந்தால் தண்டனை இல்லை. குழந்தை மீதே தெரிந்து பொய்ப் பழி சுமத்தும் பெரியவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு.

இவற்றுக்கு நடுவே அதிகம் பேசப்படாத ஒரு வரி இருக்கிறது. நல்லெண்ணத்துடன் தகவல் கொடுத்தவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ கிடையாது என்பது 19ஆவது பிரிவின் ஏழாவது உட்பிரிவு.

ஓர் ஆசிரியையை எண்ணிப் பாருங்கள். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒரு வாரமாக யாரோடும் பேசுவதில்லை. வீட்டுக்குப் போக மறுக்கிறாள். மாமா பெயரைச் சொன்னாலே அழுகிறாள். ஆசிரியைக்குச் சந்தேகம்தான், அத்தாட்சி இல்லை. புகார் கொடுத்து, அது தப்பாகிப்போனால்? கொடுக்காமல் இருந்து, அது உண்மையாகிவிட்டால்? முதல் கேள்விக்கு அந்த ஏழாவது உட்பிரிவு பதில் சொல்கிறது. துப்புத் துலக்குவது அவர் வேலையல்ல. 2018இல் கேரளத்து மருத்துவர்கள் சிலரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது: தெரிந்ததைச் சொல்லும் கடமைதான் உண்டு, தாங்களாகவே புலனாய்வு செய்யும் கடமை இல்லை. ஆனால் 2022இல் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டப் பள்ளி விடுதி வழக்கில், தெரிந்தும் மறைப்பது கடுமையான குற்றம் என்று அதே நீதிமன்றம் கண்டித்தது.

தவறாகச் சந்தேகப்பட்டவர் வேறு, தெரிந்தே பொய் சொன்னவர் வேறு. 22ஆவது பிரிவு இரண்டாமவருக்காக மட்டுமே எழுதப்பட்டது. அப்படிப்பட்டவர் எங்கே தென்படுகிறார்? கணவன் மனைவி பிரிந்து, குழந்தை யாரிடம் இருப்பது என்று மல்லுக்கு நிற்கும் இடம் அவற்றில் ஒன்று. 2019 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அப்படி ஒரு வழக்கு வந்தது. பிரிந்து வாழும் கணவர் தங்கள் மகளிடமே தகாத முறையில் நடந்துகொண்டார் என்பது மனைவியின் புகார். அது பொய் என்று கண்ட நீதிமன்றம், தந்தை மீதான வழக்கை ரத்து செய்ததோடு, தாய் மீது 22ஆவது பிரிவின்படி நடவடிக்கை எடுக்கவும் போலீஸுக்கு உத்தரவிட்டது.

இத்தகைய வழக்கில் பாதிக்கப்படுவது தந்தை மட்டுமல்ல. நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லக் குழந்தையைப் பழக்குவதும், மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்துவதும், மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்துவதும் தாமே ஒரு கொடுமை. குழந்தையைக் காக்க வந்த சட்டத்தின் பெயரால் குழந்தையே ஆயுதமாக்கப்படுகிறது. பொய் சொன்ன பெரியவரைத் தண்டிக்க இது ஒன்றே போதுமான காரணம்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வழக்கு நிரூபணம் ஆகவில்லை என்றால் புகார் பொய் என்று அர்த்தமில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் சித்தப்பாவாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருப்பார். குடும்ப மானம் என்று பெரியவர்கள் சமரசம் பேசுவார்கள். கோர்ட்டில் குழந்தை பிறழ் சாட்சியாகிவிடும். விடுதலைத் தீர்ப்பு வரும். அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு புகார் கொடுத்த தாய் மீதே பொய் வழக்கு என்று பாய்ந்தால், அடுத்த தாய் வாய் திறக்க மாட்டாள். புகார் கொடுத்தவருக்கு அது பொய் என்று தெரிந்திருந்ததா, கெட்ட நோக்கம் இருந்ததா என்பது தனியாக நிரூபிக்கப்பட வேண்டும்.

ஆறு மாதம் போதுமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு மிகக் கடுமையான பாலியல் வன்முறைக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 20 ஆண்டு சிறை. குற்றத்தைச் செய்தார் என்றே நீதிமன்றம் முதலில் அனுமானிக்க வேண்டும் என்கிறது 29ஆவது பிரிவு. இவ்வளவு பாரத்தை ஒருவர் தலையில் பொய்யாக ஏற்றியவருக்கு ஆறு மாதம் மட்டுமா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் தண்டனையை ஏற்றிவிட்டால் பொய்யர்களைவிட அதிகம் மிரளப்போவது அந்த மூன்றாம் வகுப்பு ஆசிரியை போன்றவர்கள்தான்.

தில்லி ஆசிரியையைத் தண்டித்தது எந்த நீதிபதியும் அல்ல. சரிபார்க்காமல் ஒளிபரப்பிய சானலும், கேட்காமல் கை ஓங்கிய கூட்டமும், சரியாக விசாரிக்காமல் செயல்பட்ட அதிகாரிகளும் சேர்ந்து தண்டித்தார்கள். 22ஆவது பிரிவு அன்றே இருந்திருந்தாலும் பொய்யைச் சோடித்தவர்களைத்தான் எட்டியிருக்கும். நம்பி அடித்தவர்களை எட்டியிருக்காது.

விசாரணை கூடியவரை ஓராண்டுக்குள் முடிய வேண்டும் என்று போக்சோ சட்டம் சொல்கிறது. பல வழக்குகளில் இது ஏட்டோடு சரி. வழக்கு இழுபடும் ஒவ்வொரு வருடமும், தொல்லைக்கு உள்ளான குழந்தை அதை மறக்க முடியாமல் தவிக்கிறது. பழி சுமத்தப்பட்டவர் வெளியே தலைகாட்ட முடியாமல் தவிக்கிறார். இருவருக்கும் வேண்டியது ஒன்றேதான்: குழந்தையிடம் பேசத் தெரிந்த, முன்முடிவு இல்லாத அதிகாரி, காலத்தோடு முடியும் விசாரணை, தீர்ப்பு வரும்வரை பொறுத்திருக்கும் ஊர். இவை இருந்தால் பொய்யும் சீக்கிரம் வெளிப்படும், உண்மையும் சீக்கிரம் நிற்கும். அதற்குப் பிறகு, தெரிந்தே பொய் சொன்ன பெரியவரைத் தண்டிக்க யாரும் தயங்க வேண்டியதில்லை.