ஜி.பி. ரோட்டில் ஒரு பட்டை வேலை

வண்டி டாடா 407. 1986-ல் வந்த மாடல். சென்னைத் தெருக்களில் இன்னும் ஓய்வு பெறவில்லை. பழைய ஓனர் இதில் சின்டெக்ஸ் டேங்க் ஏற்றி அடையாறு பக்கம் தண்ணீர் விற்றவர். டேங்க் கேபினை ஒட்டி நின்றதால், முன்பக்க லீஃப் ஸ்பிரிங்கில் இரண்டு பக்கமும் கூடுதலாக ஒரு பட்டை போட்டு, வளைவையும் ஏற்றி வைத்திருந்தார். புது ஓனருக்கு தி.நகரில் வீடு மாற்றும் சவாரி. கட்டிலுக்கும் பீரோவுக்கும் அந்தப் பட்டை எதற்கு? காலியாகப் போனால் ஸ்பீடு பிரேக்கரில் வண்டி குதிக்கிறது.

"முன்னாடி இறக்கணும் பாய்" என்றார் டிரைவர்.

ராயப்பேட்டை ஜி.பி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்துப் பட்டறை அது. பட்டறைக்காரரான பாய் உடனே ஸ்பேனரை எடுக்கவில்லை. சமதரையில் நிறுத்தச் சொல்லி, டயரில் காற்று பார்த்து, வீல் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரு பக்கமும் டேப் பிடித்தார். டிரைவர் பக்கம் நாலு நூல் குறைவு.

ஜாக்கி ஏற்றி, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் பையன் உள்ளே படுத்தான். துருவேறிய யூ போல்ட் நட்டுகள், ஸ்பேனரில் பைப் மாட்டி நெம்பிய பின்தான் அசைந்தன. சென்டர் போல்ட்டைக் கழற்றுமுன் பட்டைக் கட்டை கிளாம்ப்பில் இறுக்கினார்கள். இல்லையென்றால் சீறிக்கொண்டு பிரியும், விரல் போய்விடும்.

எந்தப் பட்டையை உருவுவது என்பதில்தான் சூட்சுமம். தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். கண்டதை உருவினால் வண்டி இறங்குவதோடு தொளதொளத்தும் போகும். பாய் கூடுதல் பட்டையை மட்டும் எடுத்தார். மற்றவற்றின் வளைவைத் தரையில் சாக்பீஸால் வரைந்து, பட்டடையில் வைத்து, நுனியிலிருந்து நடுவரை விரற்கடை விரற்கடையாகச் சம்மட்டி போட்டார். நாலு அடிக்கு ஒருமுறை கோட்டோடு ஒப்பீடு.

"கேஸ் வெச்சு சூடு காட்டினா சீக்கிரம் முடிஞ்சிடுமே?" என்றேன்.

"முடிஞ்சிடும் சார், பட்டையும் சேர்ந்து முடிஞ்சிடும்."

எண்ணெயில் தோய்த்துப் பதப்படுத்திய எஃகு அது. கேஸ் நெருப்பு பட்ட இடத்தில் பதம் போய்விடும்.

முன்பக்கம் ரொம்ப இறங்கினால் ஆக்ஸில் முன்னால் சாயும். திருப்பிய ஸ்டியரிங் தானாக நேராகாது. அப்போது பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் ஆப்புத் தகடு வைக்க வேண்டும். இந்த வண்டி கம்பெனி உயரத்துக்கே திரும்பியதால் அது தேவைப்படவில்லை. அதற்கும் கீழே, ஸ்டைலுக்காக இறக்கக் கேட்பவர்களை பாய் திருப்பி அனுப்பிவிடுகிறார். சரிதான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அப்படிப்பட்ட மாற்றங்களுக்குக் கடிவாளம் போடுகிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எஃப்.சி. எனும் தகுதிச் சான்று சோதனையில் மாட்டினால் அலைச்சல் வேறு.

ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் லஸ் முனை வரை ஓட்டிப் பார்த்தோம். குதிப்பு அடங்கிவிட்டது. ஆனால் கூலியில் டிரைவர் நூறு ரூபாய் குறைக்கப் பார்த்தார். மெஷின் வைத்த ஏசி கடையில் பில்லைப் பார்த்து வாய் திறக்காத நாம், சம்மட்டி பிடிக்கிற கையிடம் மட்டும் பேரம் பேசுகிறோம்.

பட்டை வேலை பார்த்த வண்டி உங்களிடம் இருந்தால், லோடு ஏற்றிச் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட் நட்டுகளை மறுபடி இறுக்கிவிடுங்கள். ஹெட்லைட் மட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.